குப்பிக்குள் என்ன இருந்தது, ஐயா?



பிள்ளைகளின் தவறுகளைச் சிவப்பு மையால் வட்டமிடுவது நம் அன்றாடப் பணி. நம்முடைய தவறுகளை வட்டமிடுவாரோ இலர். ஆகவே, என் பழைய தவறு ஒன்றை இன்று நானே வட்டமிட்டுக் காட்ட விழைகிறேன். அது வகுப்பறைக்குள் நடந்த சிறிய தவறுதான். ஆனால், அதே தவற்றை அதே ஆண்டில் உலகத் தலைவர்களும் பெயர்பெற்ற அறிஞர்களும் செய்தார்கள். அதனால் ஒரு நாடே சீரழிந்தது.

2003ஆம் ஆண்டு. அப்பொழுது நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியர். வகுப்பின் அறிவிப்புப் பலகையில் 'உழைத்து உயர்ந்தோர்' என்ற தலைப்பில் சில படங்களை ஒட்டியிருந்தேன். அவற்றுள் ஒன்று, அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவலின் படம். ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன் அவர். தாயார் தையல் வேலை செய்தவர். அத்தகைய எளிய குடும்பத்தில் பிறந்து, படைத்தலைவராகி, கறுப்பினத்தாருள் முதன்முதலாக அந்த அமைச்சர் பதவியையும் அடைந்தவர். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் பிழைக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இவரினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறு யார் என்று எண்ணியிருந்தேன்.

அவ்வாண்டு பிப்ரவரி 5ஆம் நாள் பவல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் உரையாற்றினார். ஈராக் பேரழிவு ஆயுதங்களை மறைத்து வைத்திருக்கிறது என்பதே உரையின் சாரம். ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய நுண்ணுயிரின் ஆற்றலை விளக்க, அவர் ஒரு சிறு குப்பியை உயர்த்திக் காட்டினார். அந்தப் படத்தை நாளிதழிலிருந்து வெட்டி வகுப்புக்குக் கொண்டு சென்றேன்.

பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். படிப்பில் சுமாரானவன், சோதனைகளில் 'சி' வாங்கினாலே அவன் வீட்டில் மகிழ்ச்சிதான்.

"ஐயா, அந்தக் குப்பிக்குள்ள உண்மையான கிருமி இருந்துச்சா?"

"இல்லையப்பா, அது காட்டுவதற்காக மட்டும்."

"அப்போ, உண்மையானத யாரு பார்த்தா?"

வகுப்பு சிரித்தது. எனக்கு எரிச்சல் வந்தது. "உலகமே மதிக்கும் ஒருவர் ஐ.நா.வில் அமர்ந்து சொல்கிறார். அவரைவிட உனக்கு அதிகம் தெரியுமோ? உட்கார்!" என்றேன். உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் மீண்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், சொல்பவர் யார் என்று பாராமல் சொல்லப்பட்டதன் உண்மையை ஆராயச் சொல்லும் 423ஆம் குறளை அதே வகுப்பில் நான் கற்பித்திருந்தேன். மனனமும் செய்ய வைத்திருந்தேன்!

யார் பார்த்தார்கள்?

அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. நடமாடும் நுண்ணுயிர் ஆயுதக் கூடங்கள் ஈராக்கில் உள்ளன என்று பவல் சொன்னதற்கு முதன்மைச் சான்று, ஜெர்மனிக்குத் தப்பிவந்த ஈராக்கியர் ஒருவரின் வாய்மொழி. உளவுத்துறையினர் அவருக்கு இட்ட மறைபெயர் 'கர்வ்பால்'. போர் தொடங்கும் வரையில் சி.ஐ.ஏ. அவரை நேரில் விசாரித்ததே இல்லை. தாம் சொன்னது பொய் என்று 2011இல் அவரே ஒப்புக்கொண்டார்.

பார்க்கச் சென்றவர்களும் இருந்தார்கள். ஐ.நா. ஆயுத ஆய்வுக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், நூற்றுக்கணக்கான ஆய்வுகளுக்குப் பின்னும் அத்தகைய ஆயுதங்கள் அகப்படவில்லை என்றார். பணியை முடிக்க இன்னும் சில மாதங்கள் வேண்டும் என்றார். ஈராக் நைஜர் நாட்டிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் போலியானவை என்று அனைத்துலக அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பராடே மார்ச் 7ஆம் நாள் பாதுகாப்பு மன்றத்திலேயே தெரிவித்தார். ஆயினும், மார்ச் 20இல் போர் தொடங்கிவிட்டது. 2004 அக்டோபரில், அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக்குழு, ஆயுதக் குவியல்கள் எவையும் இல்லை என்று அறிக்கை அளித்தது. அதற்குள் ஈராக்கில் எத்தனை வீடுகளில் ஒப்பாரி எழுந்துவிட்டது! அப்போரிலும் அதைத் தொடர்ந்த வன்முறையிலும் மாண்ட பொதுமக்கள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டவர்கள்.

பத்தியைப் படிக்காமல் விடை எழுதியவர்கள்

கருத்துணர்தல் பயிற்சியில் சில மாணவர்கள் பத்தியைப் படிக்காமலே விடை எழுதுவதை நாம் அறிவோம். 2002 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதுவே. வாக்கெடுப்புக்கு முன், ஈராக் பற்றிய உளவுத்துறை மதிப்பீடு ஒன்று உறுப்பினர்கள் படிப்பதற்காக வைக்கப்பட்டது. உளவு அமைப்புகளுக்குள்ளேயே இருந்த மாறுபட்ட கருத்துகளும் ஐயங்களும் அதில் பதிவாகியிருந்தன. அதனை முழுமையாகப் படித்தவர்கள் மிகச் சிலரே என்பது பின்னர் வெளிவந்தது. படித்தவர்களுள் ஒருவரான செனட்டர் பாப் கிரகாம் எதிர்த்து வாக்களித்தார். செனட் சபையில் போருக்கு இசைவளித்தோர் 77 பேர். எதிர்த்தோர் 23 பேர்.

அரசியலாளர்களை விடுங்கள். அறிஞர்கள் என்ன செய்தார்கள்? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மனித உரிமை ஆய்வு மையத்தை நடத்திய மைக்கேல் இக்னாட்டியெஃப் போன்றோரே போரை ஆதரித்து எழுதினார்கள். தாம் பிழைபட்டதை அவர் 2007இல் எழுத்தில் ஒப்புக்கொண்டார். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், தான் வெளியிட்ட செய்திகள் சில போதிய அளவு ஆராயப்படவில்லை என்று 2004 மே மாதத்தில் ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது. பவலும் அந்த உரை தம் வாழ்வில் படிந்த கறை என்று 2005இல் வருந்தினார். அவர் வேண்டுமென்றே பொய்யுரைத்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஐயத்திற்குரியவை எனத் தோன்றிய பலவற்றை உரையிலிருந்து அவரே நீக்கினார் என்பதும் உண்மை. ஆனால், எஞ்சியவற்றை ஐயமற்ற உண்மைகள் போல் பேசினார். பிரிட்டனில் 2016இல் வெளியான சில்காட் விசாரணை அறிக்கை அந்நாட்டுத் தலைவர்களைப் பற்றிக் கூறியதும் இதுவே: சான்றுகள் தாங்காத உறுதியோடு பேசினார்கள்.

எல்லா அறிஞர்களும் தவறினார்கள் என்று சொல்வதும் தவறு. 2002 செப்டம்பரிலேயே அமெரிக்கப் பன்னாட்டு உறவியல் பேராசிரியர்கள் 33 பேர், இப்போர் தம் நாட்டின் நலனுக்கு உகந்ததன்று என்று நாளிதழில் விளம்பரம் வெளியிட்டனர். பிரிட்டன் அமைச்சர் ராபின் குக் பதவி விலகினார். 2003 பிப்ரவரியில் கோலாலம்பூரில் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சநிலை மாநாட்டிலும் எதிர்ப்புக்குரல் எழுந்தது. ஆக, கேட்க விரும்பியவர்க்கு மறுப்புக்குரல்கள் கேட்கக்கூடிய தொலைவிலேதான் இருந்தன. நானோ ஒரு பெயருக்கு மயங்கி நின்றேன்.

நம் மாணவன் தவறாக எழுதினால் மதிப்பெண் போகிறது. அங்கே? உளவுத்துறைத் தலைவராக இருந்த ஜார்ஜ் டெனட்டுக்கு 2004இல் அமெரிக்காவின் உயரிய குடியியல் விருது கிடைத்தது. போரை முன்னின்று வலியுறுத்திய பால் வுல்போவிட்ஸ் 2005இல் உலக வங்கியின் தலைவரானார்!

அவனை மீண்டும் கண்டேன்

அந்த ஆய்வறிக்கை வெளிவந்தபோது என் மாணவர்கள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டிருந்தனர். பவலின் படத்தை நான் ஆண்டிறுதியிலேயே மற்றப் படங்களோடு கழற்றிவிட்டேன். யாருக்கும் எந்த விளக்கமும் சொல்லவில்லை. உலகப் பெரியவர்களைக் குறை சொல்லும் நான், பவல் செய்த அளவுக்குக்கூடத் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு என் மகிழுந்து வழியில் நின்றுவிட்டது. இழுத்துச் சென்ற பட்டறையில் எதிரே வந்து நின்றவன், அந்தப் பின்வரிசை மாணவன். இப்பொழுது பட்டறை அவனுடையது. "பேட்டரி போய்விட்டதப்பா, மாற்றிவிடு" என்றேன்.

"பார்க்காம சொல்லக்கூடாது, ஐயா" என்றவன், கருவியை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தான். பேட்டரியில் குறையில்லை, ஆல்டர்னேட்டரில்தான் பழுது.

வேலை முடிந்ததும் கேட்டேன்: "அந்தக் குப்பியைப் பற்றிக் கேட்டாயே, நான் உட்காரச் சொன்னேனே, நினைவிருக்கிறதா?"

அவன் சிரித்தான். "எந்தத் தடவை, ஐயா? நீங்க எத்தனையோ தடவை உட்காரச் சொல்லியிருக்கீங்க."

பகையில்லாமல்தான் சொன்னான். எனினும், அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவன் கேட்டது சரி, நான் அடக்கியது தவறு என்று இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன் என்பது ஒன்றே ஆறுதல்.

இப்பொழுதெல்லாம் கருத்துணர்தல் கேள்விகளில் ஒன்றை வேண்டுமென்றே விடையில்லாமல் அமைக்கிறேன். 'இது பத்தியில் சொல்லப்படவில்லை' என்று எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண். தொடக்கத்தில் பிள்ளைகள் தயங்கினார்கள். இன்று துணிந்து எழுதுகிறார்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், அதை எதிர்த்துப் பேசுவதாக எண்ணிவிடாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து தேடிப் பாருங்கள். நாளை எந்த மன்றத்தில் எந்தப் பெரியவர் எதை உயர்த்திக் காட்டினாலும், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்க நம் பிள்ளைகளுக்கு வாய் இருக்கட்டும்.