அன்றைய கணக்கு அன்றைக்கே

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறப் பாதை இரண்டு. அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போவது சுற்றுலா வருகிறவர்கள் விரும்பும் பாதை. அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாக ஏறுவது மற்றொன்று. இந்த இரண்டாவது பாதையில் போனால், தேக்குமரங்கள் நெடுநெடுவென்று நிற்கிற பக்கத்தில் கொட்டச்சேடு வருகிறது. ஜனவரி மாதக் காலையில் பேருந்தை விட்டு இறங்கினேன். பழம் பறிக்கப் போகிற பெண்கள் கூடையும் மடித்த சாக்குமாகத் தேநீர்க் கடை ஓரத்தில் நின்றிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்தே நடந்தேன். அவர்கள் காபிச் செடிகளுக்குள் இறங்கிப் போனார்கள். நான் தோட்டத்து அலுவலகத்தின் படியேறினேன்.

அலுவலக வேலையில் சேர்ந்து ஓரிரு வருடமான பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். காலையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை, இரவு எட்டு மணிக்கும் கணினியை மூட முடிவதில்லை, ஆனாலும் வேலை முடிந்தபாடில்லை, என்ன செய்வது? இதைப் பற்றித் தணிக்கை வேலையில் இருக்கிற நண்பர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர் ஒருத்தர் இருக்கார். அவர் மேசையை ஒரு நாள் போய்ப் பாருங்க" என்றார். நண்பர் எளிதில் யாரையும் புகழ்கிறவர் அல்லர்.

அலுவலகம் என்பது ஓட்டுக் கூரை போட்ட ஒற்றை அறை. இரண்டு இரும்பு அலமாரி, ஒரு கணினி, ஒரு நீள மேசை, கம்பி போட்ட ஜன்னல். தோட்டத்தின் கணக்கை எழுதுகிற அந்த ரைட்டருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டரை ஆனதும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். முற்றத்தில் மரநிழல் படாத இடத்தில் மழைமானி. அதன் மேல்வாயைக் கழற்றி உள்ளே பார்த்தார். சொட்டு நீர் இல்லை. நோட்டில் தேதி போட்டு அதற்கு நேராக 0.0 என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"மழையே இல்லையே, எதுக்குங்க எழுதறீங்க?" என்று கேட்டேன்.

"எழுதாம விட்டா, மழை இல்லையா, இல்ல நான் வரலையான்னு நாளைக்கு யாருக்குத் தெரியும்?" என்றார்.

காலை எட்டரை மணிக்கு முந்தைய 24 மணி நேர மழையை அளந்து எழுதுவது வானிலைத் துறையின் நடைமுறை. இந்தத் தோட்டமும் அதைத்தான் பின்பற்றுகிறது. இந்த எண்ணை நம்பித்தான் தோட்டத்தின் ஆண்டு வருமானம் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலம் அளவுக்காவது மழை விழுந்தால்தான் காபி மொட்டுகள் விரியும். விழுந்த எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். பூத்தது காயாக நிற்க, மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வேண்டும். அது வரவில்லை என்றால் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பூ மழை எந்தத் தேதியில், எந்தப் பிளாக்கில், எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வைத்திருந்தால்தான் அந்த நாள்கணக்கு நிற்கும். பழைய பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் இந்த மலையையே புரட்டிப்போட்ட நாட்களிலும் எட்டரை மணிப் பதிவு இருந்தது. தாள் நனைந்து மை கசிந்திருந்தாலும் எண் படிக்க முடிகிறது.

அந்த 0.0-ஐப் பார்த்தபோதே நண்பர் எதற்காக அனுப்பினார் என்று புரிந்துவிட்டது. அலுவலகத்தில் பெரும்பாலான நேரம் வீணாவது வேலை செய்வதில் அல்ல. "அந்தக் கடிதம் வந்ததா?", "பதில் போட்டாச்சா?", "யார்கிட்ட இருக்கு?" என்று தேடுவதில்தான் போகிறது. எழுதப்படாத வெற்றிடம் ஒவ்வொன்றும் பின்னால் ஒரு தொலைபேசி அழைப்பாக, ஒரு கூட்டமாக, ஒரு சண்டையாகத் திரும்பி வரும். ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறவர் மற்றவர்களின் நேரத்தைக் காப்பாற்றுகிறார்.

மழை நோட்டு முடிந்ததும், யார் எந்த நாள் வேலைக்கு வந்தார் என்று காட்டும் செக்ரோல் வந்தது. மேஸ்திரி கொண்டுவந்த சீட்டில் அன்றைக்கு வேலைக்கு வந்தவர்கள் பெயர், எந்தப் பிளாக், என்ன வேலை என்று இருந்தது. ரைட்டர் அதை ஒரே மூச்சில் ஏற்றிவிடவில்லை. மேஸ்திரியை எதிரே உட்காரவைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒரு பெயரில் நின்றார். "நேத்து இவங்க அரை நாள்தானே? இன்னைக்கு முழு நாளா?" மேஸ்திரி யோசித்துவிட்டு, "ஆமாங்க, இன்னைக்குக் காலையிலேயே வந்துட்டாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் பேனா நகர்ந்தது. முந்தைய பக்கம் ஒன்றில் பிழையாகப் போட்ட எண் தென்பட்டது. அழிக்கவில்லை, மேலே எழுதி மறைக்கவும் இல்லை. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி. பிழை என்ன, எப்போது, யார் திருத்தினார் என்று எல்லாமே அந்த அரை அங்குல இடத்தில் இருந்தன.

செக்ரோலில் ஒரு நாள் விடுபட்டால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு விளக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. பணிக்கொடைக்கு ஒரு முழு ஆண்டு என்று ஏற்றுக்கொள்ள 240 நாள் வேலை வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்த கணக்குப்படி, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. 239 நாளில் நின்றுவிட்ட ஒருவருக்கு அந்த ஒரு நாள் என்பது ஓர் ஆண்டு. "அவங்க மலைச்சரிவுல நின்னு உழைச்ச நாள் சார் அது. நான் நிழல்ல உக்காந்து அதைத் தொலைச்சுட்டா எப்படி?" என்றார். நல்ல ஊழியர் என்பதற்கு இதைவிடச் சரியான அளவுகோலை எந்த மேலாண்மை வகுப்பிலும் நான் கேட்கவில்லை. தான் எழுதுகிற எண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவருக்குக் கவனம் தானாக வருகிறது. தெரியாதவருக்கு எத்தனை செயலிகளை வாங்கிக் கொடுத்தாலும் வராது.

நான் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன். பவானிசாகர் பயிற்சி நிலையத்தில் முதலில் சொல்லிக்கொடுத்தது தன்பதிவேடு. சென்னை மாகாண காலத்தில் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வந்த அலுவலக நடைமுறை இன்றும் தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் அடித்தளம். அதன் சாரம் எளிது. ஒரு தபால் உன் இருக்கைக்கு வந்தால் அதற்கு ஓர் எண் உண்டு. உன் தன்பதிவேட்டில் ஏற வேண்டும். என்ன செய்தாய், யாருக்கு அனுப்பினாய், எப்போது திரும்பி வந்தது என்று அதே வரிசையில் எழுத வேண்டும். வேலை முடிந்தது என்று நீயாகச் சொல்லிவிட முடியாது. முடிவுக்கும் வகை உண்டு. ஓராண்டு வைத்திருக்க வேண்டியது ஓ.மு., மூன்றாண்டு என்றால் மூ.மு., பத்தாண்டு என்றால் ப.மு. அதன்படி குறித்தால்தான் அந்த வரி மூடப்படும். மூடப்படாத வரிகள்தான் நிலுவை. மேலதிகாரி குறித்த நாளில் பதிவேட்டை வாங்கிப் பார்த்தால் யார் மேசையில் எது தூங்குகிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இப்போது கோப்புகள் மின் அலுவலகத்துக்குப் போய்விட்டன. எண் தானாக விழுகிறது. ஆனால் மூடப்படாத வரியை மூட வேண்டியவர் இன்னும் மனிதர்தான்.

கொட்டச்சேட்டு ரைட்டர் டாட்டன்ஹாமைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் மேசையில் ஒரு நீளநோட்டு இருந்தது. இடது பக்கம் வந்தது, வலது பக்கம் முடிந்தது. வலது பக்கம் காலியாக இருக்கும் வரிகளுக்குச் சிவப்பு மையில் ஓரத்தில் புள்ளி வைத்திருந்தார். காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது அந்தப் புள்ளிகளை மட்டும்தான்.

ஜன்னலுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முன்பணம் கேட்டு ஒருவர், மகள் கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்டு ஒருவர், தண்ணீர்க் குழாய் உடைந்ததைச் சொல்ல ஒருவர். யாரையும் அவர் விரட்டவில்லை. அதே சமயம் கையில் இருந்த வேலையை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. சிறு சீட்டில் ஒரு வரி எழுதி, எதிரில் நிற்பவருக்கு அதைப் படித்துக் காட்டி, கம்பியில் குத்தினார். "பதினோரு மணிக்கு மேல பார்த்துச் சொல்றேங்க." பதினோரு மணிக்குக் கம்பியிலிருந்த சீட்டுகளை எல்லாம் உருவி ஒன்றன்பின் ஒன்றாக முடித்தார். கேட்டவருக்குத் தன் வார்த்தை தாளில் ஏறிவிட்டது என்ற நிம்மதி. இவருக்குக் கவனம் சிதறாத இரண்டரை மணி நேரம். குறுஞ்செய்தி வந்த ஒவ்வொரு முறையும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிற நம் அலுவலகப் பிள்ளைகளுக்கு இந்த ஒன்றையாவது எடுத்துப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் பி.எஃப். வேலை. ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் முந்தைய மாதப் பணம் கட்டியாக வேண்டும். இவர் 10ஆம் தேதியே முடித்துவிடுகிறார். மீதி ஐந்து நாள் மின்சாரமும் இணையமும் இல்லாமல் போவதற்காக. மலையில் இருக்கிறவருக்கு அது தெரியும். ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் ஒரு பெயர் என்று இருப்பவர்களின் பட்டியலைத் தனியாக வைத்திருக்கிறார். ஓய்வு பெறுகிற நாளில் அலைய விடாமல், இப்போதே ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டிருக்கிறார். யாரும் அவரிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை.

நான்கு மணிக்குப் பழம் வந்து இறங்கியது. நாள் முழுவதிலும் இங்கேதான் கண் எடுக்காமல் நின்றேன். தராசில் சாக்கு ஏறும். மேஸ்திரி எடையைச் சொல்வார். ரைட்டர் அதைத் திருப்பி உரக்கச் சொல்வார். சாக்குக் கழிவு போக எவ்வளவு என்றும் சொல்வார். பறித்த பெண் தலையசைத்த பிறகு எழுதுவார். ஒரு அக்காவுக்குச் சந்தேகம் வந்தது.

"ரைட்டரய்யா, நேத்து எனக்கு எத்தன கிலோ போட்டிருக்கீங்க?"

"இருங்கக்கா" என்று பக்கத்தைத் திருப்பி, நோட்டை அவர் பக்கமாகவே வைத்து, வரியைக் காட்டினார். படிக்கத் தெரியாத அவருக்காகப் பக்கத்திலிருந்த பெண் படித்துச் சொன்னாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. முகம் சுளிக்காமல் நோட்டைத் திருப்பி வைக்க முடிகிறது என்றால் அதில் மறைக்க ஒன்றுமில்லை என்று பொருள்.

பறித்த பழத்தை அன்றைக்கே தோல் உரிக்கும் பல்ப்பரில் போட்டாக வேண்டும். இரவு சாக்கிலேயே கிடந்தால் புளித்து, காபியின் தரம் கெட்டுவிடும். அதனால் கணக்கும் அன்றைக்கே முடிந்தாக வேண்டும். பறித்தவர்களின் எடைக் கூட்டுத்தொகையும் பல்ப்பருக்குப் போன எடையும் ஒத்துவந்த பிறகுதான் ரைட்டர் கோடு போட்டார். அராபிகாவில் ஐந்து கிலோ பழத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காய்ந்த பார்ச்மென்ட், அதாவது மேலோடு நீங்காத கொட்டை, கிடைக்கும். அந்த விகிதம் குறைந்தால் எங்கே தவறு என்று அவருக்குத் தெரியும். பழுக்காத காய் கலந்திருக்கலாம், காய்த்துளைப்பான் விழுந்திருக்கலாம், களத்தில் காயப்போட்டதில் கை வைத்திருக்கலாம். வாரத்துக்கு ஒரு முறை நோட்டோடு களத்துக்கும் பல்ப்பர் கொட்டகைக்கும் நடந்து போய்ப் பார்க்கிறார். எண்ணை மட்டும் கூட்டுகிறவருக்கு எண்ணிலிருக்கிற பிழைதான் தெரியும். வேலையைத் தெரிந்தவருக்கு எண் என்ன சொல்லவருகிறது என்பது தெரியும். அலுவலகத்தில் தவிர்க்க முடியாதவராக ஆவதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அவர் தவிர்க்க முடியாதவராக இருக்க விரும்பவில்லை என்பதை மாலையில் கண்டேன். பரம்பரைக் கர்ணங்கள் கிராமக் கணக்கைத் தம் வீட்டு நினைவிலும் வீட்டுப் பெட்டியிலும் வைத்திருந்த காலம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. 1980 நவம்பரில் அந்தப் பதவி ஒழிக்கப்பட்டு, பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கணக்கு ஆளைச் சேர்ந்ததா, பதவியைச் சேர்ந்ததா என்பதற்கு அன்றைக்கு ஒரு விடை கிடைத்தது. ஆனால் "எனக்கு மட்டும்தான் தெரியும்" என்கிற பெருமை இன்றைய அலுவலகங்களிலும் உட்கார்ந்திருக்கிறது. கடவுச்சொல் ஒருவரிடம், பழைய கோப்பு இருக்கும் இடம் இன்னொருவரிடம். அவர்களில் ஒருவர் விடுப்பில் போனால் பிரிவே விடுப்பில் போகிறது.

ரைட்டர் பொங்கலுக்கு நாலு நாள் சொந்த ஊர் போகிறார். அவர் இடத்தில் உட்காரப்போகிற இளைஞர், புதிதாகச் சேர்ந்தவர், ஐந்தரை மணிக்கு வந்தார். ரைட்டர் ஒரு தாளை நீட்டினார். எட்டரைக்கு மழை நோட்டு. மழை இல்லாவிட்டாலும் எழுத வேண்டும். சிவப்புப் புள்ளி வைத்தவை ஆறு. அதில் எது யாரிடம் இருக்கிறது. தராசுக் கொட்டகைச் சாவி எங்கே. சனிக்கிழமைச் சம்பளப் பட்டியல் எந்த அடுக்கில். இளைஞர் நின்றபடியே முழுக்கப் படித்தார்.

"சார், சம்பளத்துக்குச் சில்லறை எங்க வாங்கறது?"

"அட, அதை எழுதலையே" என்று தாளைத் திரும்ப வாங்கி, கடைசி வரியாக அதையும் எழுதிக் கொடுத்தார்.