உடைந்த பல்லின் மூதாதையர்

ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஓடுகிற வேகத்தில் தடுக்கி விழுகிறாள். முன்பல் ஒன்று கழன்று போகிறது. இன்னொன்று ஈறுக்குள் ஏறிக்கொள்கிறது. அப்புறம் வருஷக்கணக்கில் பல் டாக்டர், கம்பி, கேலி பேசும் தோழிகள். ரெய்னா டெல்கெமையரின் 'ஸ்மைல்' (2010) இவ்வளவுதான். பிள்ளைகளுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். அரக்கன் கிடையாது, மந்திரக்கோல் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்த ஒரு பெண் தன் வாயைத் திறந்து காட்டியே ஒரு புத்தகத்தை ஓட்டிவிடுகிறார்.

காமிக்ஸ் என்றால் இரும்புக்கை மாயாவி என்று வளர்ந்தவன் நான். சொந்த அவஸ்தையைக் கட்டம் கட்டிப் படம் போடலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும்? ரெய்னாவின் பேட்டிகளில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: சின்ன வயதில் அப்பா கொடுத்துப் படித்த 'வெறுங்கால் ஜென்' என்ற ஜப்பானியக் காமிக்ஸ். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

ஜென்னை வரைந்த கெய்ஜி நகாசாவாவுக்கு ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயது. பள்ளிக்கூடத்து மதில் மறைத்ததால் பிழைத்தார். அப்பா, அக்கா, தம்பி மூவரும் போய்விட்டார்கள். வளர்ந்து டோக்கியோவுக்குப் போய்ப் படம் வரைந்து பிழைத்தவர், குண்டைப் பற்றி மூச்சு விடவில்லை. 1966-ல் அம்மா இறந்தார். தகனம் முடிந்து எலும்பு பொறுக்கப் போனவருக்குச் சாம்பல்தான் கிடைத்தது. கதிர்வீச்சு எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை என்று நினைத்த நகாசாவாவுக்கு வந்த கோபம்தான் பேனாவைத் திருப்பியது. 1972-ல் ஒரு சிறுவர் மாத இதழில் 'நான் பார்த்தேன்' என்று தன் கதையை நேரடியாகவே எழுதினார். அதை நீட்டி, பெயரை மாற்றி, அடுத்த வருஷம் தொடங்கியதுதான் ஜென்.

1972 என்ற எண் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. (சிவகாசியில் முத்து காமிக்ஸ் மாயாவியோடு தொடங்கியதும் அந்த வருஷம்தான், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.) அமெரிக்கத் தன்வரலாற்றுக் காமிக்ஸின் பிறந்த வருஷமாகச் சொல்லப்படுவதும் 1972. ஜஸ்டின் கிரீன் வரைந்த 'பிங்கி பிரவுன் மீட்ஸ் த ஹோலி வர்ஜின் மேரி', 44 பக்கம். கத்தோலிக்கப் பையன் ஒருவன். தன் உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அசுத்தக் கதிர்கள் பாய்ந்து மாதா சிலையைத் தீட்டுப்படுத்துவதாக நம்புகிறான். தப்பித்துக்கொள்ள விதிமேல் விதி போட்டுக்கொள்கிறான். எண்ணச் சுழற்சி நோய் என்று அதற்கு ஒரு பெயர் உண்டென்று கிரீனுக்கே பிற்பாடுதான் தெரியவந்தது.

தொடக்கப் படத்தைப் பார்த்துவிட்டு மறப்பது கஷ்டம். வரைபவர் அம்மணமாகத் தலைகீழாகத் தொங்குகிறார். கைகள் பின்னால் கட்டப்பட்டிருக்கின்றன, தொடைகளுக்கு நடுவே அரிவாள். வாயில் பேனாவைக் கவ்விக்கொண்டு வரைகிறார். மைப்புட்டியில் அப்பாவின் ரத்தம் என்று எழுதியிருக்கிறது. இதைப் பார்த்திருக்காவிட்டால் 'மவுஸ்' வந்திருக்காது என்று ஆர்ட் ஸ்பீகல்மன் வெளிப்படையாகச் சொன்னவர். தன் தகப்பனாரின் ஆஷ்விட்ஸ் நினைவுகளை எலி, பூனை வேஷம் கட்டி அவர் முதலில் மூன்றே பக்கத்தில் போட்டுப் பார்த்ததும் 1972-ல்தான். புலிட்சர் பரிசு வர இருபது வருஷம் ஆயிற்று. கிரீனோ பின்னாளில் போர்டு எழுதிச் சம்பாதித்தார், 2022-ல் காலமானார்.

ஆக, பசிபிக்கின் இரண்டு கரைகளிலும் ஒரே வருஷம், ஒருவரையொருவர் அறியாத இருவர். இதில் எனக்குப் பிடித்த ஒரு முடிச்சு: பிங்கி பிரவுனை அச்சிட்ட லாஸ்ட் காஸ்ப் என்ற சின்னப் பதிப்பகமே பிற்பாடு ஜென்னின் பத்துத் தொகுதிகளையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. முன்னுரை ஸ்பீகல்மன்.

தேடல் இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜென்னை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் ஷாட், 1980-ல் பெர்க்லி பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தைக் கண்டெடுத்திருந்தார். ஹென்றி யோஷிதாகா கியாமா என்ற ஓவியர் சான் பிரான்சிஸ்கோவில் 1931-ல் தானே வெளியிட்டது. 1904-ல் ஜப்பானிலிருந்து வந்திறங்கிய நான்கு இளைஞர்களின் கதை. நால்வரில் ஹென்றி அவரேதான். மொத்தம் 52 அத்தியாயம், வாரத்துக்கு ஒன்றாகப் பத்திரிகையில் வரும் என்று நம்பி வரைந்திருப்பார் போல. வெள்ளைக்கார வீடுகளில் எடுபிடி வேலை, 1906 பூகம்பம், 1918 விஷக்காய்ச்சல், எதையும் சிரிப்பு குறையாமல் சொல்கிறார். ஜப்பானியர்கள் தங்களுக்குள் பேசுவது ஜப்பானியில், வெள்ளைக்காரர்களிடம் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில். இரண்டையும் அப்படியே கையால் எழுதியிருக்கிறார். இரண்டும் தெரிந்தவர்தான் முழுசாகப் படிக்க முடியும். யார் வாங்குவார்? 1937-ல் ஜப்பானுக்குப் போன கியாமா திரும்பி வரவில்லை.

கிரீனுக்கும் நகாசாவாவுக்கும் முன்பே செய்தவர் கியாமா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வழி விட்டவர் அவரில்லை. அவரைப் படித்து யாரும் பேனா எடுத்ததாகத் தெரியவில்லை. கிரீனையும் நகாசாவாவையும் படித்துத்தான் எடுத்தார்கள். வரலாறு எழுதுகிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு: பத்து வயதுக்கு 'ஸ்மைல்', கூடவே சீசீ பெல்லின் 'எல் டெஃபோ' (2014). காது கேளாத சிறுமியின் சொந்தக் கதை, எல்லோருக்கும் முயல் காது. கொஞ்சம் பெரியவர்களுக்கு 'வென் ஸ்டார்ஸ் ஆர் ஸ்காட்டர்ட்' (2020), கென்யாவின் டடாப் அகதி முகாமில் தம்பியைக் காத்து வளர்ந்த ஒமர் முகமதின் கதை. பூகம்பம் பிடித்தால் கியாமாவையும் ரெய்னாவையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். 1989-ல் அதே ஊர் மறுபடி ஆடியது 'ஸ்மைலில்' இருக்கிறது. பிங்கி பிரவுன் பெரியவர்களுக்கு மட்டும். ஜென் விஷயத்தில் எனக்கும் தயக்கம் உண்டு. உருகி வழியும் தோலை நகாசாவா மறைப்பதில்லை. ஹிரோஷிமா நகரமே 2023-ல் தன் பள்ளிகளின் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து ஜென்னை எடுத்துவிட்டது. அது தப்பு என்பது என் கட்சி. பன்னிரண்டு வயதில் கொடுங்கள், ஆனால் கூட உட்கார்ந்து படியுங்கள்.