அந்தக் கறி

ஒரு வீட்டில் எந்தச் சமையல் எங்கே நடக்கிறது என்று பார்த்தாலே அந்த வீட்டின் சட்டதிட்டங்களில் பாதி விளங்கிவிடும். சாம்பாரும் ரசமும் அடுப்படியில். ஆட்டுக்கறியும் கோழிக்கறியும் அதே அடுப்படியில், விரதமில்லாத நாளில். பன்றிக்கறி மட்டும் பின்வாசலுக்கு வெளியே. அதைத் தொடாத வீடுகள் ஒருபுறம் இருக்கட்டும். சாப்பிடும் வீடுகள் பலவற்றிலும் அதற்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி இடம் உண்டு. சில வீடுகளில் தனிப் பெயரும் உண்டு. எங்கள் வீட்டில் அது 'அந்தக் கறி'.

என் தாத்தா செமினிக்கு அருகே பால்மரத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். லயத்துக்குப் பின்னால் நட்டிருந்த மரவள்ளியைக் கிளறக் காட்டுப்பன்றி வரும். ஆண்கள் நாய்களோடும் ஈட்டியோடும் போவார்கள். கிடைத்த இறைச்சி வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரியும். அதற்குப் பிறகு எல்லாம் பெண்கள் வேலை. மஞ்சள் போட்டுக் கழுவி, அம்மியில் மசாலை அரைத்து, மூன்று கல் கூட்டி, பால்மரக் கட்டை எரித்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை பெரட்ட வேண்டும். ஆண்கள் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சட்டியைக் கழுவித் தாழ்வாரத்தில் கவிழ்த்து வைப்பதோடு பெண்களின் பங்கு முடிந்துவிடும்.

தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமானாக மாறியபோது நாங்களும் வரிசை வீட்டுக்கு மாறினோம். சட்டியும் கூடவே வந்தது. 1998, 1999-ஆம் ஆண்டுகளில் நிப்பா நோய் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் பன்றிப் பண்ணைகளைத் தாக்கியது. நாட்டில் நூறு பேருக்கு மேல் மாண்டனர். பத்து லட்சம் பன்றிகள்வரை அழிக்கப்பட்டன. அந்தக் காலத்தில் சட்டி ஓராண்டுக்கு மேல் கவிழ்ந்தே கிடந்ததாக அம்மா சொல்வார். பிறகு மீண்டும் நிமிர்ந்தது. நிமிராமல் இருந்தது வேறொன்று. அம்மா பிறந்த வீட்டில் அந்தக் கறியைச் சாப்பிட்டவர்தான். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபின் நிறுத்திக்கொண்டார். யாரும் சாப்பிடாதே என்று சொன்னதில்லை. யாரும் சாப்பிடு என்றும் சொன்னதில்லை. எனக்கும் சின்ன வயதில் அப்பா தட்டிலிருந்து ஒரு துண்டு வரும். நான் பெரியவளானபின் அதுவும் வரவில்லை.

இதையெல்லாம் ஒரு கேள்வியாகவே நான் நினைத்ததில்லை, பல்கலைக்கழகத்தில் மொழியியல் பாடம் எடுக்கும்வரை. மலாய் மொழியும் ஹவாய் மொழியும் ஒரே ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று அங்கேதான் படித்தேன். மலாயில் ஐந்து 'லீமா', ஹவாயிலும் 'லிமா'. மலாயில் கண் 'மாத்தா', அங்கே 'மாகா'. பசிபிக் கடலின் நடுவே இருக்கும் தீவு திடீரென்று பக்கத்துக் கம்பம் போலாகிவிட்டது. அந்த ஆர்வத்தில் அம்மக்களின் பழக்கவழக்கங்களைத் தேடிப் படித்தபோது எதிர்ப்பட்டதுதான் 'காலுவா' பன்றி.

'லுவா' என்றால் குழி. தரையில் குழி வெட்டி, விறகு எரித்து, எரிமலைக் கற்களைச் சிவக்கக் காய்ச்சுவார்கள். நசுக்கிய வாழைத்தண்டைக் கற்களின்மேல் பரப்புவார்கள். அதிலுள்ள நீர் ஆவியாகும். உப்புத் தடவிய முழுப் பன்றியைத் 'தீ' என்னும் செடியின் இலைகளால் மூடி, அதன்மேல் ஈரச் சாக்கும் மண்ணும் போட்டுப் பல மணி நேரம் விட்டுவிடுவார்கள். இந்தக் குழியடுப்புக்கு 'இமு' என்று பெயர். மசாலை கிடையாது, மிளகாய் கிடையாது. உப்பு, புகை, நேரம் இவை மூன்றும்தான் சமையல். அந்தத் 'தீ' செடி வேறொன்றுமில்லை. நம் தாமான்களில் வேலியோரம் அழகுக்கு வளர்க்கும் ஜெஞ்சுவாங்தான்.

சமையலைவிட என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. பழைய ஹவாயில் 'காப்பு' என்னும் விலக்குச் சட்டம் இருந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக்கூடாது. பன்றி இறைச்சி, தேங்காய், வாழைப்பழ வகைகளில் பெரும்பாலானவை ஆகியவற்றைப் பெண்கள் தொடவே கூடாது. 1819-இல் முதலாம் கமேஹமேஹா மன்னர் இறந்தார். அதே ஆண்டு அவருடைய மகன் லிஹோலிஹோ, ஒரு விருந்தில் பெண்கள் இருந்த பந்திக்குப் போய் உட்கார்ந்து அவர்களோடு சாப்பிட்டார். தாயார் கெயோபுவோலானியும் அரசியார் காஹுமானுவும் அவருக்குத் துணை நின்றனர். காப்பு அத்தோடு உடைந்தது. ஒரு நாட்டின் சட்டம் மாற, ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தது தொடக்கமாக இருந்திருக்கிறது. அன்றிரவு எனக்கு எங்கள் வீட்டுத் தாழ்வாரம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது காலுவா செய்யப்போவதாகச் சொன்னேன். வெளியே இல்லை, அடுப்படியில். பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"அடுப்படிக்குள்ள அத ஏத்தாத. சாமி இருக்கிற வீடு."

ஒவ்வொரு சிவராத்திரிக்கும் எங்களுக்குக் கண்ணப்பர் கதை சொல்பவர் அவர்தான். காளத்தி மலையில் வேடர் திண்ணனார் பன்றியை வேட்டையாடி, நெருப்பில் வாட்டி, ருசி பார்த்துப் பக்குவமானதைத் தேர்ந்து சிவனுக்குப் படைத்ததைப் பெரியபுராணம் பாடுகிறது. அதைத்தான் கேட்டேன்.

"கண்ணப்பர் சாமிக்கே குடுத்தாரே, பாட்டி?"

"அவரு சாமிக்குக் குடுத்தாரு. நீ உனக்குத்தானே கேக்கிற?"

"வாயில வச்சுப் பாத்துத்தானே குடுத்தாரு?"

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "செவ்வா வெள்ளி வேணாம். ஞாயித்துக்கெழம செஞ்சுக்க. என் சட்டிய மட்டும் எடுக்காத" என்றார்.

செமினிப் பட்டணத்தில் சீனத் தவுக்கேயிடம் தோலோடு கூடிய தோள்பட்டைக் கறி இரண்டு கிலோ வாங்கினேன். இந்தச் சமையலுக்குத் தோள்பட்டைதான் ஏற்றது. ஓடியாடி உழைத்த தசை. நாரும் கொழுப்பும் கலந்திருக்கும். அந்த நாரில் உள்ள கொல்லாஜன் சீக்கிரம் இளகாது. அவசரப்பட்டு எடுத்தால் கறி ரப்பர்போல் இருக்கும். உள்ளே ஏறத்தாழ 90 பாகைச் சூட்டுக்குப் போய், அங்கேயே நெடுநேரம் நின்றால்தான் அது ஜெலட்டினாகக் கரையும். அப்போது கத்தி வேண்டாம், கரண்டி பட்டாலே கறி பிரியும்.

கறியைக் கத்தி முனையால் ஆங்காங்கே குத்தி, இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பைத் தேய்த்தேன். தணலில் வாட்டிய வாழையிலையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கனமான இரும்புப் பாத்திரத்தில் வைத்து, அரைக் குவளைத் தண்ணீர் ஊற்றி, இறுக மூடி, 150 பாகைச் சூட்டில் அவனுக்குள் வைத்தேன். மணி ஒன்று. ஆறு மணிவரை திறக்கக்கூடாது.

அந்த ஐந்து மணி நேரம் அம்மாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. பெரட்டல் என்றால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் கிளற ஒன்றுமில்லை. "வெந்துச்சான்னு எப்படித் தெரியும்?" என்று நாலைந்து தடவை கேட்டுவிட்டு, கடைசியில் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுப்படியில் அம்மா சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஹவாயின் புகைக்கு நான் சிரட்டையை நம்பினேன். வெந்தபின் சிரட்டைத் தணலைச் சிறு கிண்ணத்தில் போட்டுக் கறிக்கு நடுவே வைத்து, அதன்மேல் கறியின் கொழுப்பையே ஒரு கரண்டி விட்டு உடனே மூடினேன். பத்து நிமிடம் போதும். பிறகு கிண்ணத்தை எடுத்துவிட்டு, இரண்டு முள்கரண்டிகளால் கறியை நார் நாராகப் பிரித்து, அடியில் தேங்கிய சாற்றை மேலே ஊற்றினேன். நறுக்கிய முட்டைக்கோஸையும் அதே சூட்டில் கலந்தேன். பக்கத்தில் வெள்ளைச்சோறு, எங்கள் வழக்கத்துக்குக் கொஞ்சம் சம்பால்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அண்டை வீட்டார் மலாய்க்காரர்கள். இருபது ஆண்டுப் பழக்கம். அன்று அவர்கள் வீட்டுப் பக்கச் சன்னலை அம்மா சாத்தி வைத்தார். நோன்பு மாதத்தில் அந்தக் கறி எங்கள் வீட்டில் வேகாது. தீபாவளிக்கு அவர்களுக்குப் போகும் முறுக்கு, அந்தப் பாத்திரங்கள் பக்கமே வராது. இவை மாற வேண்டியவை அல்ல. பக்கத்து வீட்டாரின் நம்பிக்கைக்குச் செய்யும் மரியாதை வேறு. நம் வீட்டுப் பெண்களே சமைத்து, நம் வீட்டுப் பெண்களே தள்ளி நிற்பது வேறு. சன்னலைச் சாத்துவதையும் அம்மாவுக்குத் தட்டு வைக்காததையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டு, எல்லாவற்றுக்கும் 'வழக்கம்' என்று பெயர் கொடுத்துவிடுகிறோம்.

அன்றிரவு மேசையில் ஐந்து தட்டு வைத்தேன். அப்பா வழக்கம்போல் முதலில் உட்கார்ந்தார். ஐந்தாவது தட்டைப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் பக்கத்து நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, "உக்காரு, ஆறிடப் போவுது" என்றார் அம்மாவிடம். தம்பி நகர்ந்து இடம் விட்டான். பாட்டி ரசஞ்சோற்றோடு மேசையின் மறுமுனையில் அமர்ந்தார். அவர் அந்தக் கறியைத் தொடவில்லை; தொட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் எழுந்து போகவில்லை.

அம்மா இத்தனை காலமும் அந்தக் கறிக்குக் கைக்கணக்கில்தான் உப்புப் போட்டார். ருசி பார்க்க அப்பாவைத்தான் கூப்பிடுவார். அன்று முதன்முதலாகத் தாமே ஒரு வாய் எடுத்து மென்றார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"உப்பு சரியா இருக்கு" என்றார்.

கிள்ளானின் பாக் குட் தே 2024-இல் தேசிய மரபுணவுகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டபோது நாட்டில் பெரிய விவாதமே நடந்தது. எந்த உணவு யாருடைய மரபு என்று பேசுவது நல்லதுதான். ஆனால் அந்த மரபைச் சமைத்த கைகளுக்குப் பந்தியில் இடம் இருந்ததா என்பதையும் நாம் சேர்த்தே கேட்க வேண்டும். நம் பாட்டிமார் காத்த வழக்கங்களில் போற்ற வேண்டியவை நிறைய உண்டு. அவற்றைச் சலித்துப் பார்க்கும் பொறுப்பு, படித்துவிட்டு வீடு திரும்பும் நம்முடையது. அதற்குப் பெரிய புரட்சி தேவையில்லை. இரண்டு கிலோ கறியும் ஐந்து மணி நேரமும் இன்னொரு தட்டும் இருந்தால் தொடங்கலாம்.