அக்காவின் இடது காது

எங்கள் நல்லதண்ணியில் ஆண்டில் பாதிதான் அமைதி. டிசெம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரை தொடங்கிவிட்டால் வெசாக் வரைக்கும் இரவும் பகலும் ஒன்றுதான். அட்டனிலிருந்து பஸ்கள் வந்தவண்ணம் இருக்கும். கடைக்குக் கடை ஸ்பீக்கர் அலறும். மலைக்குப் போகிறவர்களின் பாட்டு ஒருபக்கம், தொலைந்துபோன பிள்ளையைத் தேடும் அறிவிப்பு ஒருபக்கம். மற்ற மாதங்களில் மழை. தகரக் கூரையில் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. இப்படிப்பட்ட ஊரில் "நல்ல சத்தம்" என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஆயிரக்கணக்கில் காசு கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்புவோமா?

நான் பிறந்து வளர்ந்தது லயத்துக் காம்பராவில். நடுச்சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் ரேடியோ வைத்தால் ஆறு வீட்டுக்கும் கேட்கும். இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' எங்களுக்குக் காலை மணி மாதிரி. அந்த நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் தேநீர் குடித்து முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரட்டுக்களத்துக்கு நேரம் பிந்திவிடும். ரேடியோ கரகரக்கும். மழைநாளில் இன்னும் மோசம். அதையெல்லாம் குறை என்று நாங்கள் நினைத்ததே இல்லை. பாட்டு என்றாலே கொஞ்சம் கரகரப்பு இருக்கும் என்றுதான் எண்ணியிருந்தோம்.

என் தம்பி மகன் கொழும்பில் ஓர் இசைக்குழுவுக்கு ஒலி அமைப்பு வேலை செய்கிறான். 2024 டிசெம்பரில் விடுமுறைக்கு வந்தபோது ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே காதுக்குள் வைக்கிற இயர்போன் ஒரு சோடி, கூடவே ஒரு சிறு பையில் றப்பர் மூடிகள், பெரிது, நடுத்தரம், சிறிது என்று. மேடையில் பாடுகிறவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்பதற்கு வைப்பது இந்த வகைதானாம். விலையைக் கேட்டேன். சொன்னான். 1000 ரூபா நாட்சம்பளத்துக்காக நாங்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் அது கிடைத்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் அந்தப் பெட்டிக்குள் ஒரு பெண்ணின் இரண்டு மாதப் பேர் இருந்தது.

"போட்டுப் பாருங்க அத்தை" என்றான்.

போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பாட்டு மூக்கடைத்தவர் பாடுகிற மாதிரி மெலிந்து கேட்டது. மிருதங்கம் இருக்கிற இடத்தில் ஏதோ தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம். அட்டன் பஸ் ஸ்டாண்டில் நான் வாங்கிய மலிவு இயர்போனில்கூட 'தும் தும்' என்று நன்றாக அடிக்குமே! "ஏமாந்துட்டியா தம்பி?" என்று கேட்டேவிட்டேன்.

அவன் சிரித்தான். "பாட்டு சரி அத்தை. காதுதான் அடைபடல."

அதற்குப் பிறகு அவன் சொல்லித் தந்தது எல்லோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். இந்த வகை இயர்போன் காதுத் துவாரத்தைக் காற்றுப் புகாமல் அடைத்தால்தான் வேலை செய்யும். சிறு இடைவெளி இருந்தாலும் கனமான ஒலிகள் அதன்வழியே வெளியே போய்விடும், மெல்லிய கீச்சொலி மட்டும் மிஞ்சும். மலிவானது, விலையுயர்ந்தது என்ற பேதம் இதில் இல்லை. அதனால் முதலில் தன் காதுக்குப் பொருந்தும் றப்பர் மூடியைத் தேட வேண்டும். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கும் என்றும் இல்லை. எனக்கு வலது காதுக்கு நடுத்தரம், இடதுக்குச் சிறியது. மாட்டும்போது மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது துவாரம் நேராகும். கம்பியைக் காதுக்கு மேலால் சுற்றிப் பின்புறம் விட்டால் உரசும் சத்தம் வராது.

அப்படி மாட்டியதும் மழை நின்றுவிட்டது. நிற்கவில்லை, கூரையில் பெய்துகொண்டுதான் இருந்தது, ஆனால் எங்கோ தூரத்துத் தோட்டத்தில் பெய்வது போலாகிவிட்டது. நான் எச்சில் விழுங்கியது எனக்கே பெரிதாகக் கேட்டது. பிறகு பாட்டைப் போட்டான். இளையராஜாவின் பழைய பாட்டு ஒன்று, முப்பது வருடமாக எனக்குத் தெரிந்தது. வயலின்களுக்கு அடியில் பேஸ் கிட்டார் தனியாக வேறொரு மெட்டைப் பாடிக்கொண்டு போகிறது! பாடகி வரி தொடங்கும் முன் மூச்சு இழுக்கிறார். இத்தனை வருடமும் அவர் மூச்சு விட்டுக்கொண்டுதான் பாடியிருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை.

அடுத்து என் போனில் இருந்த பாட்டைப் போடச் சொன்னேன். அது சகிக்கவில்லை. ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்கு என்று வந்த பாட்டு, எங்கோ யாரோ இடத்தை மிச்சப்படுத்தச் சுருக்கியிருக்கிறார்கள். அப்படிச் சுருக்கும்போது காதுக்கு அதிகம் எட்டாது என்று கருதப்படும் நுணுக்கங்களை வெட்டிவிடுவார்களாம், அளவுக்கு மீறி வெட்டினால் தாளத்தின் ஓசை நீரில் கொப்பளிப்பது போலாகிவிடும். மலிவு இயர்போன் அதை மறைத்துவிடும், நல்லது காட்டிக் கொடுத்துவிடும். நல்ல மாமியார் மாதிரி என்று நான் சொன்னதற்கு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

சத்தத்தைக் கூட்டப் போனேன், விடவில்லை. வெளிச்சத்தம் அடைபட்டுவிட்டால் குறைந்த சத்தமே போதும் என்றான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் அளவில் பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பஸ் இரைச்சலை வெல்வதற்காகப் போனில் சத்தத்தைக் கூட்டிக் கேட்கும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

அக்கா அப்போது அடுப்படியில் இருந்தார். பெரியம்மாவின் மகள். அவர்கள் குடும்பம் 1983 கலவரத்துக்குப் பிறகு, மலையகத்தில் இருந்து போன எத்தனையோ குடும்பங்களைப் போல வன்னிக்குப் போனது. கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி, கிணறு வெட்டி, வீடு கட்டி, பிள்ளை பெற்று, 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முள்ளிவாய்க்கால் வரை ஓடி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து, கடைசியில் மகனோடு நல்லதண்ணிக்கே திரும்பி வந்தார்கள். அத்தானும் இளைய மகளும் வரவில்லை.

அக்காவைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கேட்டதற்கு வேறு பதில் சொல்வார். நாலு பேர் பேசும் இடத்தில் எழுந்து போய்விடுவார். "வன்னிக்குப் போய் வந்த பிறகு வீம்பு கூடிடுச்சு" என்று நானே சொல்லியிருக்கிறேன். மருமகள் அவரோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருடம். பேரப்பிள்ளை காய்ச்சலில் அனுங்கியபோது அடுத்த அறையில் இருந்தும் எழுந்து வரவில்லை என்பது மருமகளின் மனக்குறை.

"பெரிய அத்தை, நீங்களும் ஒரு பாட்டுக் கேளுங்க" என்று பையன்தான் இழுத்து வந்து உட்காரவைத்து மாட்டிவிட்டான். அக்கா கொஞ்ச நேரம் கேட்டார். முகம் மலர்ந்தது. பிறகு, "இந்தப் பொண்ணு ஏன் வலப்பக்கமே நின்னு பாடுது?" என்றார்.

அவன் என்னைப் பார்த்தான். பாடகியின் குரல் நடுத்தலையில் கேட்க வேண்டியது. போனில் ஏதோ அழுத்தினான், ஒலி முழுவதையும் இடது பக்கத்துக்கு மாற்றினானாம்.

"பாட்டு முடிஞ்சிட்டா தம்பி?" என்றார் அக்கா.

முடியவில்லை. வெளியே இருந்த எனக்கே அது மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று இரவுதான் அக்கா சொன்னார். 2009 ஏப்ரல். பங்கருக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தது. இடது காதிலிருந்து இரத்தம் வந்தது. ஒரு கிழமை உலகமே மணியடிக்கிற மாதிரி இருந்தது. அந்த மணி இடது காதில் இன்றைக்கும் நிற்கவில்லை. "அந்த நேரம் கையில்லாதவங்களும் காலில்லாதவங்களும் வரிசையில் கிடந்தாங்க. காது கேக்கலன்னு போய்ச் சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார். முகாமிலும் சொல்லவில்லை. இங்கே வந்தும் சொல்லவில்லை. பதினைந்து வருடம். எப்போதும் ஆட்களுக்கு இடப்பக்கமாகவே அவர் உட்காருவார், அவர்கள் தன் வலது காதுப் பக்கம் வருவதற்காக. அதுகூட எங்கள் கண்ணில் படவில்லை.

ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து, காது மூக்கு தொண்டை டொக்டரின் கிளினிக்குக்குப் போனோம். சத்தம் புகாத சிறு அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலி இல்லாத சோதனை. இடது காதுச் சவ்வில் ஓட்டை அப்படியே இருந்தது. உள்காதிலும் பாதிப்பு. நல்ல காது என்று நாங்கள் நினைத்த வலது காதும் 4000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. வெடிச்சத்தமும் பெரும் இரைச்சலும் முதலில் தாக்குவது அந்த இடத்தைத்தானாம்.

டொக்டர் சொன்ன ஒரு விளக்கம் என்னைச் சுட்டது. பேச்சில் 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் பலமானவை, தாழ்ந்த ஒலிகள். 'ச', 'த', 'ப' போன்றவற்றின் கூர்மை மெல்லியது, உயர்ந்த ஒலிகளில் இருப்பது. உயர்ந்தவை போய்விட்டால் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது விளங்காது. சின்னப் பிள்ளைகளின் மெல்லிய குரல் இன்னும் கஷ்டம். "கேக்குது, ஆனா விளங்கல" என்று ஒருவர் சொன்னால் அது சாட்டு அல்ல. அக்கா அதைத்தான் எத்தனையோ தடவை எங்களிடம் சொல்லியிருந்தார்.

எங்களுக்கும் ஏச்சு விழுந்தது. சவ்வில் ஓட்டை உள்ள காதுக்குள், சீழ் வடியும் காதுக்குள் இயர்போன் வைக்கவே கூடாது. இன்னொருவர் போட்டதைத் துடைக்காமல் போடவும் கூடாது. காது வலித்தால் நாம் வெள்ளைப்பூடு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடுகிறோமே, அதுவும் கூடாது, ஓட்டை வழியே நடுக்காதுக்குப் போய்க் கிருமி பிடிக்கும். குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பார்க்க வேண்டும். உள்காதில் போனது திரும்பி வராது. சவ்வைச் சத்திரசிகிச்சையால் அடைக்கலாமா என்று பிறகு பார்க்கலாம், முதலில் வலது காதுக்குக் கேட்கும் கருவி என்றார்கள்.

கருவிக்கு அளவெடுக்க, களி போன்ற ஒன்றைக் காதுக்குள் செலுத்தி இறுகவிட்டு எடுத்தார்கள். பையனிடம் போனில் சொன்னேன். "பெரிய பாடகர்கள் இயர்போன் செய்யவும் இப்படித்தான் அத்தை அச்சு எடுப்பாங்க" என்றான். அவன் சொல்லித்தான் மற்றதும் தெரிந்தது. அந்த இயர்போனுக்குள் இருக்கிற, நெல்மணியைவிடச் சற்றுப் பெரிய ஒலிப்பெட்டி முதலில் காது கேளாதவர்களுக்கான கருவிக்காக வந்தது. காந்தங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய இரும்புத் தகடு அசைந்து ஒலி எழுப்பும். அமெரிக்காவில் அந்தத் துறையில் வேலை செய்த மீட் கில்லியன் என்பவர் 1983இல் எட்டிமோட்டிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார், 1991இல் அவர்கள் வெளியிட்ட இயர்போன் இந்த வகைக்கே முன்னோடி. 1995இல் ஜெரி ஹார்வி என்ற ஒலிப்பொறியாளர், ராக் இசைக்குழு ஒன்றின் டிரம் வாத்தியக்காரர் அலெக்ஸ் வான் ஹாலனுக்காக மேடை இயர்போன் செய்யப்போய் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் பிறந்தது. ஆக, தம்பி மகன் பெருமையோடு கொண்டுவந்ததும் அக்காவுக்கு வேண்டியிருந்ததும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

கருவியின் விலை இயர்போனைவிட அதிகம். அக்காவின் மகனும் நாங்களுமாகச் சேர்ந்து, சீட்டுக் காசையும் எடுத்துத்தான் வாங்கினோம். உதவி கேட்க இடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் முதலில் விசாரியுங்கள். நாங்கள் அவசரப்பட்டுவிட்டோம்.

மாட்டிய முதல் நாள் அக்கா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எரிச்சல்பட்டார். கோப்பை வைக்கிற சத்தம், செருப்புச் சத்தம், பொலித்தீன் பை சரசரப்பு எல்லாம் குத்துகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் என்று தொடங்கி மெல்லக் கூட்டச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள், மூளை மறந்துபோன ஒலிகளை மறுபடி பழக வேண்டுமாம். யாத்திரைக் காலத்தில் கடைத்தெருப் பக்கம் போனால் இப்போதும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். அது ஒரு வசதி என்கிறார், எங்களுக்கு அது கிடையாதே.

மருமகளிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பிள்ளையைக் கூட்டிவந்து அக்காவின் வலப்பக்கம் உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பிள்ளை பாலர் பாடசாலையில் நடந்ததை அரைமணி நேரம் சொன்னது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மருமகள் கதவைத் திறந்துகொண்டு தேநீர் கொண்டு வந்தாள்.

"இந்தக் கதவு இத்தனை நாளா இப்படியா கிறீச்சிடுது?" என்றார் அக்கா. "யாருக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடத் தோணலையா?"