ஒரே தேதி, நாலு கதை

தேதிகளை மனப்பாடம் செய்வதென்றாலே எனக்கு அலர்ஜி. ஆனால் நவம்பர் 9 மட்டும் மறக்காது. ஜெர்மனியில் 1918-ல் குடியரசு பிறந்த நாள் அது. 1923-ல் மியூனிக்கில் ஹிட்லரின் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி தோற்றது (கதை அதோடு முடிந்திருக்கக் கூடாதா!). அதன் நினைவுநாளுக்குக் கூடிய நாஜிகளைத்தான் 1938-ல் கோயபல்ஸ் தூண்டிவிட்டார். அன்றிரவு யூதர்களின் வழிபாட்டுக்கூடங்கள் எரிந்தன. சுமார் 30,000 யூத ஆண்களை முகாம்களுக்கு இழுத்துப் போனார்கள். ஆக, இது தற்செயல் இல்லை.

1989-ல் நடந்ததுதான் தமாஷ். புதிய பயண விதி எப்போது அமலுக்கு வரும் என்று நிருபர் கேட்க, கிழக்கு ஜெர்மனியின் ஷபோவ்ஸ்கி தாளைப் புரட்டி "உடனே" என்று உளறிவிட்டார். அன்றிரவே பெர்லின் சுவர் திறந்தது!

அதையே தேசிய நாளாக்கலாம்தான். 1938 குறுக்கே நின்றது. அதனால், இணைப்பு நடந்த அக்டோபர் 3-க்குத்தான் அங்கே விடுமுறை. எனக்கென்னவோ அது சரியாகவே படுகிறது. உங்களுக்கு?