ஒரு டி.பி.க்கு எத்தனை தட்டு?

நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஏலம். விரலி, உருண்டை, பனங்காலி என்று ரகம் பிரித்து மூட்டைகள் வந்து இறங்கும். அங்கே விவசாயிகளுக்குக் கம்ப்யூட்டரில் வரவு செலவு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவர் என் கட்சிக்காரர். அவருடைய 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் ஒருநாள் 'டக் டக்'கென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. சேலத்தில் ஒரு டேட்டா ரெக்கவரி கடையில் கொடுத்தார். கணக்குகள் திரும்பக் கிடைத்தன; பழைய டிஸ்க்கையும் கொடுத்துவிட்டார்கள். பில்லில், ஹெட் (தகவலைப் படித்து எழுதும் முனை) மாற்றி பிளேட்டர் (தகவல் பதியும் தட்டு) சுத்தம் செய்த வகையில் 4 பிளேட்டருக்குத் தலா 9,000 வீதம் 36,000 ரூபாய்.

"செஞ்ச வேலைக்குக் காசு குடுக்கறதுல வருத்தமில்லீங்க வக்கீல் சார். உள்ள நெசமாவே நாலு தட்டு இருந்துச்சாங்க?" என்று கேட்டார்.

வழக்கு முழுவதும் அந்த ஒரு கேள்விதான். நாமக்கல் நுகர்வோர் மன்றத்தில் புகார் தாக்கல் செய்தோம். அது ஆணையமாக மாறாத காலம். தொழிலுக்காகப் பெற்ற சேவை என்பதால் இவர் நுகர்வோரே அல்ல என்று கடைக்காரர்கள் முதலில் ஆட்சேபித்தார்கள். சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கு அளித்திருந்ததால் அது எடுபடவில்லை.

அடுத்த வாதம் தட்டைப் பற்றியது. ஒரு தட்டில் 250 ஜி.பி.; ஆகவே 1 டி.பி.க்கு நான்கு தட்டு என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். சான்றாக சீகேட் எஸ்.டி.31000340ஏ.எஸ். என்ற மாடலின் விவரத்தாளைத் தாக்கல் செய்தார். அந்த மாடலுக்கு அது உண்மை. சீகேட்டின் பார்ரகுடா 7200.11, 7200.12 வரிசைகளில் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். கடைசி மூன்று இலக்கங்களில் நடுவில் நிற்பது தட்டு எண்ணிக்கை. 340 என்றால் நான்கு, 333 என்றால் மூன்று, 528 என்றால் இரண்டு. மூன்றும் 1 டி.பி.தான். 2007இல் ஹிட்டாச்சி கொண்டுவந்த முதல் 1 டி.பி. டிஸ்க்கில் ஐந்து தட்டுகள். தட்டில் அடர்த்தி கூடக் கூட எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது.

எங்கள் டிஸ்க்கின் லேபிளில் இருந்தது எஸ்.டி.1000டி.எம்.003. இது 2011 வாக்கில் வந்த புதுப் பெயர் முறை. 1000 என்பது கொள்ளளவு, டி.எம். என்பது டெஸ்க்டாப். தட்டு எண்ணிக்கை பெயரில் இல்லை. கம்பெனியின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். கையேட்டில் தட்டு ஒன்று, ஹெட் இரண்டு. இணையத்தில் எடுத்த பிரதிக்கு, மின்னணு ஆவணங்களுக்குச் சாட்சியச் சட்டம் கேட்கும் 65பி பிரிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். அந்தச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் நுகர்வோர் மன்றத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் காகிதத்தை மட்டும் நம்பியிருக்க எனக்கு மனமில்லை.

இத்தகைய மன்றங்களில் குறுக்கு விசாரணை பெரும்பாலும் எழுத்தில் கேள்விப்பட்டியலாகவே நடக்கும். நான் கேட்டவை இவை: நீங்கள் வேலை செய்த டிஸ்க்கின் சீரியல் எண் என்ன? எத்தனை தட்டு? எத்தனை ஹெட் மாற்றினீர்கள்? கடை கொடுத்த ஒப்புகைச் சீட்டில் இருந்த சீரியல் எண்ணையே எழுதிவிட்டு, நான்கு தட்டு, எட்டு ஹெட் என்று பிரமாணப் பத்திரத்தில் பதில் தந்தார்கள். டிஸ்க் மாறிவிட்டது என்று பிறகு சொல்ல வழியில்லாமல் போனது.

தகவல்கள் ஏற்கெனவே புது டிஸ்க்கில் இருந்ததால், பழையதைத் திறந்து பார்க்க மனு போட்டோம். மன்றம் நியமித்த கணினி விரிவுரையாளர் இரு தரப்பு முன்னிலையில் நட்சத்திரத் தலை திருகுகளைக் கழற்றினார். லேபிளுக்கு அடியில் மறைந்திருந்த ஒன்றையும் எடுத்ததும் மூடி வந்தது. உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரே தட்டு. மேலே ஒரு ஹெட், கீழே ஒரு ஹெட். தட்டுகளை நாங்களே கழற்றி ஒளித்துவிட்டோம் என்றாவது சொல்லிப் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த ஹெட்களைப் பொருத்தியவர்களே அவர்கள்தான். இரண்டைப் பொருத்திவிட்டு எட்டு என்று சத்தியம் செய்திருந்தார்கள்.

இல்லாத மூன்று தட்டுக்கு வாங்கிய 27,000 ரூபாயைத் திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் தரவும் உத்தரவானது. செய்த வேலைக்கான 9,000 ரூபாயை மன்றம் கடைக்கே விட்டுவைத்தது. அது நியாயம்தான்.

பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ்ப் படிவம் கருவியின் மாடலையும் சீரியல் எண்ணையும் கேட்கிறது. பழுது பார்க்கக் கொடுக்கும்போது நீங்களும் கேளுங்கள். '1 டி.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்று' என்று மட்டும் எழுதிய சீட்டை வாங்காதீர்கள். மாடல் எண், சீரியல் எண் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்; கொடுக்கும் முன் லேபிளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.