முகம் எரிந்தால் என்ன பூசலாம்?

சித்திரை பிறந்தாலே எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் சருமப் பராமரிப்புக் கட்டுரைகளுக்கு மவுசு கூடிவிடும். அப்படி நான் எழுதிய ஒன்றைப் படித்துவிட்டுத்தான் மேலூரிலிருந்து பெரியம்மா மகள் போன் செய்தாள். "ஏன்டி, மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி மூஞ்சி எரியுது. கத்தாழை போடவா, எலுமிச்சம்பழம் தேய்க்கவா?"

நேரில் பார்த்தேன். கன்னம் சிவந்து, தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் நூல் நூலாகத் தெரிந்தன. முகம் வெளுக்க வேண்டுமென்று, டாக்டர் சீட்டு இல்லாமலே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய க்ரீமை எட்டு மாதமாகப் பூசியிருக்கிறாள். ட்யூபின் பின்னால் பொடி எழுத்தில் 'மொமெட்டசோன்' என்றிருந்தது. அது ஸ்டீராய்டு. இந்த மாதிரி க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கிவிட்டது. கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது!

பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். சட்டென நிறுத்தினால் எரிச்சல் கூடும் என்பதால், படிப்படியாகக் குறைக்கும் வழியை டாக்டர் சொன்னார். கூடவே வாசனை இல்லாத ஒரு மாய்ஸ்சரைஸர். அக்காவுக்கு ஏமாற்றம். "இதுக்காடி இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

அதன் அட்டையைப் படித்தால் விஷயம் புரியும். கிளிசரின், தோலில் ஈரத்தை இழுத்து நிறுத்தும். செராமைடு, நம் தோலின் மேலடுக்கில் இயல்பாகவே உள்ள கொழுப்பு. செங்கல்லுக்கு நடுவே சிமென்ட் மாதிரி செல்களைப் பிடித்துவைக்கும். அது குறைந்தால் ஈரம் வெளியேறும், எரிச்சல் உள்ளே வரும். பெட்ரோலியம் ஜெல்லி மேலே மூடிபோல நின்று ஈரம் ஆவியாகாமல் காக்கும். சிலவற்றில் ஓட்ஸ் மாவும் சேர்ப்பார்கள், அரிப்பு தணிய. குளித்ததும் துண்டால் ஒற்றி, ஈரம் காயும் முன்பே பூசிவிட வேண்டும். மூன்று மாதத்தில் அக்காவின் எரிச்சல் அடங்கியது. சிவப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

எலுமிச்சைச் சாறு கடும் அமிலம், புண்பட்ட தோலுக்கு ஆகாது. கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் தோலை உறுத்தும். அப்பத்தா ஏழு தண்ணீரில் கழுவச் சொன்னது சும்மா இல்லை. காலமைன் குளிர்ச்சி தரும், ஆனால் தோலை உலர்த்திவிடும். எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்புறம் நாலைந்து நாள் பூசிப் பாருங்கள்.

வீட்டில் இருக்கும் ட்யூபையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், கிளோபெட்டசால் என்றிருந்தால், நீங்களாக நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.